மலையேறும் ஜீப்பில் ரேடியேட்டர் ஒழுகினால்

டீசல் இன்ஜினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் வெளியே கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீரை ஆற வைக்கும் இடம் ரேடியேட்டர். பழைய மஹிந்திரா ஜீப்புகளில் இது செம்பும் பித்தளையும் சேர்ந்த பொருள். மேலே ஒரு பித்தளைத் தொட்டி, கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவே தட்டையான மெல்லிய குழாய்கள், குழாய்களுக்கு இடையில் தாள் போன்ற செம்புத் தகடுகள். இவ்வளவையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப்பற்று. பெரும்பாலும் ஒழுக்கு தொடங்குவதும் அந்தப் பற்றில்தான்; திரும்பத் திரும்பச் சரிசெய்துகொள்ள முடிவதும் அதனால்தான்.

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு இந்தக் கோளாறு மலையில்தான் தெரியவரும். அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்து போடிமெட்டை அடைய வேண்டும். வண்டி நிறைய பாரம், முதல் அல்லது இரண்டாம் கியர், மெதுவான ஓட்டம். முகத்தில் மோதும் காற்று குறைவாக இருப்பதால் பேன் இழுக்கும் காற்றை மட்டுமே ரேடியேட்டர் நம்பியிருக்கிறது. இன்ஜினோ அப்போதுதான் அதிக வெப்பத்தைத் தள்ளுகிறது.

இதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,400 மீட்டர் உயரமுள்ள போடிமெட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதை ஈடுகட்டுவது ரேடியேட்டர் மூடி. அதன் சுருள்வில் உள்ளே அழுத்தத்தை நிறுத்திவைக்கிறது. ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். 7 பிஎஸ்ஐ மூடி சரியாகப் பிடித்தால் அதே உயரத்தில் தண்ணீர் 105 டிகிரியிலும் கொதிக்காது. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் இந்த அழுத்தம் நிற்காது. ஒழுகிப்போகும் தண்ணீரைவிடப் பெரிய இழப்பு இதுதான். சமவெளியில் தேனிக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே ஓடும்போது இந்தக் கூடுதல் பத்து டிகிரி தேவைப்படுவதில்லை. அதனால்தான் ஊருக்குள் நன்றாக ஓடிய வண்டி, பத்தாவது வளைவில் ஆவி கக்கி நிற்கிறது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. இன்ஜின் ஆறியிருக்கும்போது, காலை வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. கூலன்ட் காய்ந்த இடத்தில் பச்சைத் தடமும், வெறும் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளை உப்புப் பொருக்கும் இருக்கும். மேல்தொட்டி குழாய்களோடு சேரும் விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கரட்டுப் பாதையில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்போது அந்த விளிம்புதான் அதிர்ச்சியை வாங்குகிறது. ரேடியேட்டரைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், எத்தனை முறை பற்றவைத்தாலும் அதே இடம் மீண்டும் விரியும். அடுத்து ஹோஸ், அதன் கிளிப், கீழே தண்ணீர் திறந்துவிடும் குழாய், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை. அந்தத் துளையில் தண்ணீர் சொட்டினால் பம்பின் சீல் போய்விட்டது, ரேடியேட்டர்மீது குற்றமில்லை.

வெளியே எங்கும் ஈரமில்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, ரேடியேட்டர் வாயில் விடாமல் எழும் குமிழ்கள், பால் கலந்த தேநீர் நிறத்தில் இன்ஜின் ஆயில் ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த நிலையில் ரேடியேட்டரைக் கழற்றுவது வீண்செலவு.

மலைப்பாதையில் சூடு ஏறி நின்றால் ஆட்களை இறக்கிவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை நிறுத்தி ஆறவிட வேண்டும். அரைமணி நேரமாவது மூடியைத் தொடக்கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் மூடி திறந்த நொடியில் ஆவியாகச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும் விபத்துகள் இப்படித்தான் நேர்கின்றன. ஆறிய பிறகும் துணி போட்டு மெல்லத் திருக வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். ஊற்றும்போது துணியில் வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதே சரி.

மஞ்சள்தூளைப் போட்டு ஓட்டையை அடைக்கும் பழக்கம் ஓட்டுநர்களிடம் உண்டு. தூள் நீரோட்டத்தோடு போய் ஓட்டையில் சேர்ந்து அடைப்பதால் சிறு கசிவு தற்காலிகமாக நிற்கும். கடையில் விற்கும் அடைப்பு மருந்தும் செய்வது ஏறத்தாழ இதையேதான். இரண்டும் ஊர் போய்ச் சேரும்வரைக்கும்தான். அதே தூள் நல்ல குழாய்களிலும் படிந்து, அடுத்த மாதம் ஒழுக்கே இல்லாமல் சூடேற வைக்கும்.

நிரந்தர வழி, கழற்றி ஈயம் பற்றவைப்பது. பட்டறையில் முதலில் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, உள்ளே படிந்த அழுக்கை இளக்குவார்கள். அடைப்பு மிகுந்திருந்தால் மேல்தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பார்கள். பிறகு ரேடியேட்டரின் வாய்களை மூடி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் குமிழ் வரும் இடம் ஒழுகும் இடம். அங்கே பித்தளை பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, துத்தநாகம் கரைத்த அமிலத்தைத் தடவி, சூடாக்கி, ஈயத்தை ஓடவிடுகிறார்கள். அழுக்கின்மேல் ஈயம் பிடிக்காது என்பதால் திறமையான கைவேலை முழுவதும் அந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு குழாய் ஓட்டையானால் அதன் இரு முனையையும் அடைத்துவிடலாம். ஒன்றிரண்டு அடைபட்டால் பாதகமில்லை. மேலும் கூடினால் மலையேறும் வண்டிக்குக் குளிர்ச்சி போதாது, நடுப்பகுதியையே மாற்ற வேண்டும். ஈயப்புகை உடம்புக்குக் கேடு. வேலை திறந்தவெளியில்தான் நடக்க வேண்டும்.

அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட புது ரேடியேட்டர் எடை குறைவு. ஆனால் இதேபோல் ஈயம் வைக்க முடியாது, உடைந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். பித்தளை ரேடியேட்டர் நல்ல நிலையில் இருக்கும்வரை அதைக் கைவிட வேண்டியதில்லை.

பொருத்திய பிறகு புது மூடி, புது ஹோஸ் கிளிப், சரியான இழுப்பில் பேன் பெல்ட் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்து, உப்பு நீக்கிய தண்ணீரில் கூலன்ட் கலந்து நிரப்புவது குழாய்களைக் காக்கும். வடித்த பழைய கூலன்ட்டை ஓடையோரம் கொட்டக்கூடாது. அதிலுள்ள கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம், நாயும் மாடும் குடித்தால் சாகும். முதல் மலையேற்றம் முடிந்து இன்ஜின் முழுதாக ஆறியபின் தண்ணீர் மட்டத்தை ஒருமுறை பார்த்து, கிளிப்புகளை மீண்டும் இறுக்கினால் வேலை முடிந்தது.