குத்தகை விமானமும் பொருளாதாரத் தடையும்

2022ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆம் திகதி, மொஸ்கோ நகருக்குப் புறப்படவிருந்த ருஷ்ய விமானமொன்று கட்டுநாயக்கா விமான நிலையத்திலே தடுத்து நிறுத்தப்பட்டது. 191 பயணிகளும் 13 பணியாளரும் அன்று பயணஞ் செய்ய முடியவில்லை. அயர்லாந்து நாட்டுக் குத்தகைக் கொம்பனியொன்றின் முறைப்பாட்டின்மேல், கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் பிறப்பித்த தடையுத்தரவே அதற்குக் காரணம். நான்கு நாட்களின் பின்னர் அவ்வுத்தரவு இடைநிறுத்தப்பட்டது, விமானமும் புறப்பட்டது. எங்கோ நடக்கும் போரினால் எழுந்த வழக்கு நமது தீவுக்கு வந்தது எவ்வாறு?

இன்று உலகிலுள்ள பயணிகள் விமானங்களுள் ஏறத்தாழப் பாதி, அவற்றைச் செலுத்தும் நிறுவனங்களுக்குச் சொந்தமானவையல்ல. குத்தகைக் கொம்பனிகள் அவற்றை வாங்கி வாடகைக்கு விடுகின்றன. வயலைக் குத்தகைக்குக் கொடுத்தவர் நிலம் கெடாதிருக்க நிபந்தனை விதிப்பதுபோல, விமானத்தின் சொந்தக்காரரும் மூன்று நிபந்தனைகளை விதிப்பர். விமானத்துக்குக் காப்புறுதி இருத்தல் வேண்டும். பராமரிப்பு விதிப்படி நடத்தல் வேண்டும். மாற்றிய ஒவ்வோர் உறுப்பின் வரலாறும் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும்.

பொருளாதாரத் தடை இம்மூன்றையும் ஒருங்கே அறுத்துவிடுகின்றது. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. இரண்டே நாட்களில், ருஷ்யாவுக்கு விமானங்களையும் உதிரிப்பாகங்களையும் வழங்குவதற்கும், அவற்றுக்குக் காப்புறுதி செய்வதற்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. குத்தகைகளை முடிக்க மார்ச் 28 வரை தவணை கொடுக்கப்பட்டது. ருஷ்யர் செலுத்திய குத்தகை விமானங்களிற் பல பேர்முடாத் தீவிலே பதியப்பட்டிருந்தன. அவற்றின் பாதுகாப்பை உறுதிசெய்ய இயலாதென்று கண்ட அத்தீவின் அதிகாரிகள், பறத்தற்குரிய தகுதிப் பத்திரங்களை மார்ச் 12ஆம் திகதி இடைநிறுத்தினர். ருஷ்யாவோ மார்ச் 10ஆம் திகதி விமான ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, 14ஆம் திகதி அவற்றைத் தன் நாட்டிலேயே பதிய இடமளிக்குஞ் சட்டத்தை இயற்றியது. நூற்றுக்கணக்கான விமானங்கள் சொந்தக்காரர் கைக்கு எட்டாமற் போயின. அவை பிறநாட்டு நிலையமொன்றில் இறங்கும்போது நீதிமன்றத்தை நாடுதலே சொந்தக்காரருக்கு எஞ்சிய வழி. கொழும்பு வழக்கின் பின்னணி இதுவே.

இனிப் பராமரிப்பைப் பார்ப்போம். விமான இயந்திரத்தின் சில உறுப்புகள், குறித்த எண்ணிக்கையான பறப்புகளின் பின் பழுதில்லாவிடினும் மாற்றப்படல் வேண்டும். உதிரிப்பாகம் கிடையாதபோது ஒரு விமானத்தைப் பிரித்து மற்றொன்றுக்கு உறுப்பளிக்க நேரிடும். ருஷ்யாவில் இது 2022ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. மறு ஆண்டில் ஏரோபுளொட் நிறுவனம் எயர்பஸ் விமானமொன்றைப் பராமரிப்புக்காக ஈரானுக்கு அனுப்பியது. நெடுங்காலம் தடைக்குட்பட்டிருந்த ஈரான், பழைய விமானங்களைப் பேணும் வித்தையை வறுமையிற் கற்ற நாடு. அந்நாடு 2016இல் 100 எயர்பஸ் விமானங்களுக்கு ஒப்பந்தஞ் செய்தும், 2018இல் அமெரிக்கா மீண்டும் தடை விதிக்குமுன் மூன்றே கிடைத்தன.

பதிவேட்டின் தொடர்ச்சி அறுந்த விமானம், திரும்பி வந்தாலும் பழைய மதிப்பைப் பெறாது. எந்த உறுப்பு எங்கிருந்து வந்ததென்று சான்று காட்ட இயலாதாயின், அதனை வாங்குவோர் அரியர். ஆகவே வழக்குகள் விமானத்தை மீட்பதினின்று விலகி, காப்புறுதிப் பணத்தை நாடின. எயர்காப் என்னும் அயர்லாந்துக் கொம்பனி, 17 விமானங்களுக்கும் 5 உதிரி இயந்திரங்களுக்குமாக 2023 செப்டெம்பரில் 64.5 கோடி டொலர் பெற்று இணக்கங் கண்டது. ஏனைய விமானங்கள் 2022 மார்ச் 10ஆம் திகதியே இழக்கப்பட்டனவென்று இலண்டன் உயர் நீதிமன்றம் 2025 யூனிற் தீர்ப்பளித்து, அதே கொம்பனிக்கு 100 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைக் காப்புறுதியாளர் கொடுக்க வேண்டுமென்றது.

நேயர்களே, தடை ஓர் அரசை நோக்கி விதிக்கப்படுகின்றது. சொந்தக்காரரின் நட்டத்தைக் காப்புறுதி ஓரளவு ஈடுசெய்யும். ஆயின், சான்றில்லாத உறுப்புடன் பறக்கும் விமானத்தில் அமர்ந்திருக்கும் பயணிக்கு அத்தகைய ஈடு எதுவுமில்லை. விமானத்தை வானிலே தாங்குவது இறக்கை மட்டுமன்று. நாடுகளுக்கிடையேயுள்ள நம்பிக்கையும் அதனைத் தாங்குகின்றது.