விழாக்கால உவகையும் விளையாட்டும்

விழா நாள் வந்தால் வீடெல்லாம் மகிழ்ச்சி பொங்கும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், தீபாவளியும் ஆண்டிறுதி விடுமுறையும் அடுத்தடுத்து வரும் மலேசிய, சிங்கைத் தமிழ் இல்லங்களில் மகிழ்ச்சியோடு மனச்சோர்வும் சேர்ந்தே வருவதுண்டு. புத்தாடைச் செலவு தந்தையை வருத்துகிறது. அடுப்படி வேலை தாயை அயர்த்துகிறது. பள்ளி ஒழுங்கு நீங்கிய பிள்ளைகள் கைப்பேசியோடு ஒதுங்கி, அழைத்தால் சினக்கிறார்கள். அவ்வாண்டில் உறவினரை இழந்த வீட்டில் விழாவே இல்லை. அண்டை வீட்டு மத்தாப்பு ஒளி அங்குத் துயரையே தூண்டுகிறது.

மகிழ்வும் துயரும் தோன்றும் களங்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்துக் காட்டுகிறது. நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் அழுகைக்குக் களன் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. உவகைக்குக் களன் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கு. இழவும் வறுமையும் விழாக்காலத்தில் மிகுதியும் உறுத்துவன என்பதை விளக்க வேண்டுவதில்லை. உவகைக்குரிய நான்கனுள் செல்வம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. புலன் எனப்பட்ட அறிவு நாளடைவில் வளர்வது. புணர்வு துணையோடு கூடி நுகர்வது. விளையாட்டு ஒன்றே எளியவர் வீட்டிலும், சிறு பிள்ளைக்கும், அன்றைக்கே கைகூடுவது. 'கெடவரல்', 'பண்ணை' என்னும் இரு சொற்களும் விளையாட்டைக் குறிப்பன என்று உரியியல் கூறும். மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவே 'பண்ணை' என்னும் சொல்லைக் கொண்டு தொடங்குவது கருதத்தக்கது.

இனி, வீட்டிற்குள் ஆடத்தக்க சிலவற்றைக் காண்போம். முதலாவது பல்லாங்குழி. பக்கத்திற்கு 7 ஆக 14 குழிகள். குழிக்கு 5 காய் இட்டால் புளியங்கொட்டை 70 போதும். மலாய் மக்கள் ஆடும் சொங்காக் இதன் இனமே. இருவர் எதிரெதிரே அமர்ந்து, அள்ளிய காய்களை ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டியிருப்பதால், பதற்றம் தானே தணிகிறது. தோற்றவர் ஆட்டத்தை விட்டு எழ வேண்டுவதில்லை. தம்மிடம் எஞ்சிய காய்களால் இயன்ற குழிகளை நிரப்பி மீண்டும் ஆடலாம். இழந்த குழிகளை மீட்கவும் கூடும். குறைந்ததை வைத்துக்கொண்டு தொடர்ந்து ஆடும் மனவுறுதியைக் குழந்தைக்கு இதைவிட எளிதாகக் கற்பிப்பது அரிது.

இரண்டாவது ஐந்தாங்கல். சங்க இலக்கியம் கூறும் மகளிரின் கழங்காட்டத்தோடு ஒப்பிடத்தக்க இது, மலாய் மக்களிடையே பத்து செரம்பான் என வழங்கும். எறிந்த கல் இறங்குமுன் கீழுள்ள கல்லை எடுத்தல் வேண்டும். கண்ணும் கையும் ஒன்றுபட்டால் அன்றி இது இயலாது. ஆகவே மனம் பழங்கவலைக்கு ஓட இடமில்லை. அண்டை வீட்டு மலாய், சீனப் பிள்ளைகளும் எளிதில் சேர்ந்து ஆடலாம்.

மூன்றாவது விடுகதை. தொல்காப்பியர் 'பிசி' என்று குறித்தது இதனையே. அடுப்படியில் முறுக்குப் பிழியும் தாயோடு பிள்ளைகளும் அமர்ந்து, கண்முன் உள்ள பொருள்களைக் கொண்டே புதிய விடுகதைகள் கட்டலாம். "சுற்றிச் சுற்றி வந்தும் ஊர் போய்ச் சேரவில்லை; எண்ணெயில் முழுகியும் தலை சீவவில்லை; அது என்ன?" என்று ஒரு பிள்ளை கேட்டால், முறுக்குத் தட்டே விடை கூறிவிடும். வேலையும் குறையும், சிரிப்பும் கூடும்.

விளையாட்டிற்கும் எல்லை உண்டு. பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம் விழா நாளில் பல வீடுகளில் புகுந்துவிடுகிறது. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே வகுத்துக் கடிந்ததை ஆசிரியர்கள் நினைவூட்டல் வேண்டும். பந்தயம் புகுந்த இடத்தில் உவகைக்குரிய களன் வறுமைக்குரிய களனாக மாறிவிடும்.

துயருற்ற வீட்டாரை வலிந்து சிரிக்கச் சொல்வதும் தகாது. அழுகையும் மெய்ப்பாடே, அதனை மறைத்துக்கொள்வது மனச்சமநிலை ஆகாது. எனினும், அவ்வீட்டுப் பிள்ளையை ஒரு பல்லாங்குழிப் பலகையோடு தேடிச்சென்று உடன் அமர்வதில் குற்றமொன்றுமில்லை. பேச்சு எழாத இடத்திலும் காய் இடும் ஓசை துணையாகும்.

விடுமுறைக்கு முன் கடைசிப் பாடவேளையில் பயிற்சித் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்புவதோடு, இவ்விளையாட்டுகளுள் ஒன்றையேனும் ஆசிரியர் ஆடிக் காட்டி அனுப்புவாராயின், புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் பல வீடுகளின் விழாக்காலத்தைக் காக்கும்.