நர்சம்மா எழுதிக்கொடுத்த சீட்டு

2003. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விழிப்புணர்வு விளம்பரம் தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் ஒட்டியிருந்த நேரம். நாமக்கல் பக்கத்துக் கிராமமொன்றில் நான் சுகாதார செவிலியர். அங்கன்வாடியில் மகளிர் குழுவைக் கூட்டி, ஆணுறை எப்படிப் போடுவது என்று மர மாதிரியில் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். புள்ளிராஜாவுக்குப் பெண்டாட்டி இருந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டதும் சிரிப்பு நின்றது.

எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். கணவர் லாரி டிரைவர். வடக்கே லோடு போனால் இருபது நாள் ஆகும் திரும்ப.

"நீங்க சொன்னது புரிஞ்சுதுங்க. எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆப்ரேசன் ஆயிப்போச்சே. இப்பப் போயி நிரோத் உறை போடுங்கன்னா, எதுக்குடீ, எவங்கூடப் போனேன்னு கேக்க மாட்டாருங்களா?"

என்னிடம் பதில் இல்லை. கர்ப்பத்தைத் தடுக்க என்ற ஒரே சாக்கையும் அந்த ஆபரேசன் பறித்துவிட்டது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது பாலியல் தொழில் செய்த பெண்களிடம். அதிலிருந்து "அந்த மாதிரிப் பொம்பளைங்க" நோய் என்ற பேச்சு ஊரில் ஊறிவிட்டது. தாலி கட்டியவனோடு மட்டும் வாழ்கிறவள் தனக்கு ஆபத்தில்லை என்றே நம்பினாள். இத்தனைக்கும், ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றுவதுதான் எளிது. நாமக்கல்காரரான கௌசல்யா, கணவரால் தொற்று பெற்றவர். அதை வெளியே சொல்லி, 1998-இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்தத் துணிச்சலை என் ஊர்ப் பெண் ஒவ்வொருத்தியிடமும் நான் எப்படி எதிர்பார்க்க முடியும்?

கர்ப்பிணிக்குத்தான் முதலில் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். தொற்று தெரிந்தால் மருந்தால் பிள்ளையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் முதலில் தெரிந்தது அவளுக்கு என்பதாலேயே, கொண்டுவந்தவளும் அவள்தான் என்பார் மாமியார். அதனால் கணவரையும் கூட்டி வரச் சொல்லாமல் நான் யாரையும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பியதில்லை. லாரிப் பட்டறைகளுக்கும் போய்ப் பேசினேன். பெண்ணுக்கு மட்டும் பாடம் நடத்துவது, பூட்டியவனை விட்டுவிட்டு உள்ளே இருப்பவளிடம் சாவி கேட்பது.

அடுத்த மாதம் அந்த லாரி டிரைவரின் மனைவி வந்தாள். வெள்ளைப்படுதல் இருந்தது, மாத்திரை கொடுத்தேன்.

"வியாழக்கெழம வர்றாருங்க. நீங்க சொன்னதா ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. நான் கேட்டாத்தான் சந்தேகம், நர்சம்மா எழுதுனா மருந்துங்க."

மாத்திரையின் பெயருக்குக் கீழே, மருந்து முடியும்வரை உறை கட்டாயம் என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.