சப்வூஃபர் கிரில்லை கழற்றினால் பாஸ் கூடுமா?

புது ஹோம் தியேட்டர் வீட்டுக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, சப்வூஃபரின் முன்னால் இருக்கும் கிரில்லைக் கழற்றி ஓரமாக வைப்பது. ‘துணி மறைக்காம இருந்தா பாஸ் நல்லா இறங்கும்’ என்பது நம்பிக்கை. உண்மையில் அப்படி நடக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. காரணம், ஒலியின் அலைநீளம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் பயணிக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெறும் 3.4 செ.மீ. அதற்கு கிரில்லின் சட்டமே ஒரு தடைதான். ட்வீட்டர் உள்ள ஸ்பீக்கரில் கிரில்லை எடுத்ததும் சத்தம் கொஞ்சம் மாறித் தெரிவது இதனால்தான். சப்வூஃபர் கதை வேறு. அதில் வரும் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். நம்மில் பலருக்கு ஹாலே அவ்வளவு நீளம் கிடையாது! அந்த அலைக்கு மெல்லிய துணியோ, ஓட்டை போட்ட தகடோ ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் ஏன் சிலருக்கு வித்தியாசம் கேட்கிறது? பாஸ் கூடியதால் அல்ல, கடகடப்பு நின்றதால். கிரில் தளர்வாக இருந்தால், பெட்டி அதிரும்போது கிளிப்பும் பிளாஸ்டிக் சட்டமும் சேர்ந்து ஆடும். அந்தச் சத்தம் பாஸை விட உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் காதில் சட்டென உறுத்தும். வால்யூமை ஏற்றும்போது கோன் முன்னால் வந்து கிரில்லில் இடித்தாலும் ‘டப் டப்’ கேட்கும். காற்று வெளியேறும் போர்ட் துளையை அடர்த்தியான துணியோ ஸ்பாஞ்சோ மூடியிருந்தால் மட்டும் பாஸே குறைய வாய்ப்பு உண்டு.

வீட்டிலேயே சோதிக்கலாம். மொபைலில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் மூலம், மிதமான வால்யூமில் 30-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். கடகடக்கும் இடத்தில் கிரில்லைக் கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி கிரில்தான்; கிளிப் அருகே சிறிய ஃபோம் டேப் ஒட்டினால் போதும். நிற்கவில்லையா? ஷோகேஸ் கண்ணாடியைப் பாருங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டிலும், கார் டிக்கியிலும் கிரில்லைக் கழற்றவே வேண்டாம். ஒரு விரலோ சூட்கேஸ் மூலையோ பட்டால் கோன் கிழியும். புதுக் கோன் போட தனிச் செலவு. பாஸ்தான் கூட வேண்டும் என்றால், சப்வூஃபரை சுவர் மூலைக்கு நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லாமல் வித்தியாசம் நன்றாகவே தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும்!