படகில்லாதவர் கணக்கு

பிச்சாவரம் சதுப்புக்காட்டைத் தாண்டினால் கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல் திட்டுகள் கிடக்கின்றன. எம்.ஜி.ஆர். திட்டு அவற்றில் ஒன்று. 2004 டிசம்பர் 26 காலை வரை அங்கே ஓர் ஊர் இருந்தது. ஆழிப்பேரலைக்குத் தப்பியவர்கள் கிள்ளைப் பக்கம் குடியேறினார்கள்.

அந்தத் திட்டைப் பற்றி எழுதும்போது நாம் மீனவரோடு நிறுத்திக்கொள்கிறோம். அதே கழியில் இடுப்பளவு நீரில் இறங்கி, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை விட்டுவிடுகிறோம். சிப்பி ஓடு கையைக் கிழிக்கும். உப்புநீரில் புண் ஆறாது. ஆனால் அந்த ஆண்டு கடற்கரை நெடுகிலும் இழப்பை முதலில் படகு, வலை என்றுதான் எண்ணினார்கள். கையே வலையாக இருப்பவரின் இழப்பை எந்தப் பத்தியில் எழுதுவது? மீன்கூடை சுமந்த தலித் பெண்களுக்கும், உப்பேறிய வயலில் கூலி இழந்தவர்களுக்கும் இதே கதிதான்.

இருளரைச் சுற்றவைக்கும் தாள் இன்னொன்றும் உண்டு: பழங்குடிச் சான்று. பட்டியலில் பெயர் இருந்தும், அதற்காக அலையும் ஒவ்வொரு நாளும் கழியில் இறங்காத நாள், அடுப்பு எரியாத நாள். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையோ அந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறது.