முதலில் ஊர், அப்புறம் நிலம்

"வேலையை விட்டுட்டு குடும்பத்தோட வந்துடலாம்னு இருக்கோம். எந்த ஊர்ல நிலம் வாங்கலாம்?" நம் பயிற்சிகளுக்கு வரும் இளம் தம்பதிகள் முதலில் கேட்பது இதைத்தான். அவர்களுக்காக, சத்தியமங்கலத்தில் நாம் சந்தித்த ஒரு குடும்பத்தின் அனுபவம் இது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பெங்களூரில் கணினி வேலை. ஐந்து வயதில் ஒரு மகள், கைக்குழந்தை ஒன்று. நம்மாழ்வார் ஐயாவின் பேச்சுகளைக் கேட்டு, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி சத்திக்கு வந்தவர்கள். இங்கே சொந்தம் என்று யாருமில்லை. டவுனில் வாடகை வீடு பிடித்த இரண்டாம் வாரமே 2 ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரி. கிணற்றில் கால் பங்கு, நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் என்பதும் பத்திரத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆத்தாதான் கேட்டார்: "ஏங்கண்ணு, அந்தத் தோட்டத்துக்கு வண்டித்தடம் எது?"

புலப்படத்தில் தடமே இல்லை. பங்காளி விட்டுக்கொடுத்ததால் அவர் காட்டு வழியாக இத்தனை வருடம் போய்வந்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கும் விடுவார் என்பதற்கு உறுதியில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது.

அடுத்து ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார்கள். அங்கே வேறு தவறு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் மல்லியில் மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். தம்பி போய், "ஏங்க இப்படி விஷத்தைக் கொட்டறீங்க?" என்று கேட்டுவிட்டார். பெரியவர் பதில் பேசவில்லை. அதன் பிறகும் பேசவில்லை.

கிணறோ இரண்டு தோட்டத்துக்கும் பொது. தங்கள் முறையில் கரண்ட் போனால், நாளை மாற்றிக் கேட்க முடியவில்லை. நிலத்தை வளப்படுத்த விதைத்த பலதானியம் பாதி காய்ந்தது.

"ஆறு மாசம் எங்களுக்குப் பேரே இல்லைங்க, பெங்களூர்க்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. திரும்பிப் போயிடலாம்னு துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன்" என்கிறார் அவர் மனைவி.

அப்போதும் ஆத்தாதான் வந்தார். "வூட்டுக்குள்ளயே இருந்தா ஊரு எப்படி அம்மிணி பழகும்? வெடியால பூப்பறிக்க வா."

அழைத்துப் போனது அதே பெரியவரின் தோட்டத்துக்கு. குழந்தைகளைக் கணவர் பார்த்துக்கொள்ள, இருட்டோடு டார்ச் விளக்கில் பறிப்பு. மற்ற பெண்கள் ஒரு கிலோ பறித்தபோது இவர் மடியில் கால் கிலோகூட இல்லை. சிரித்தார்கள், பிறகு கற்றுக்கொடுத்தார்கள்.

பறிப்போடு கணக்கும் புரிந்தது. ஏலத்தில் விலை விழுந்தால் பறிகூலிக்கே கட்டாது. புழு விழுந்த மொட்டு விற்காது. மருந்துக் கடையில் கடனுக்குக் கொடுக்கிறார்கள். "விஷம்னு அவருக்குத் தெரியாம இல்லைங்க. கடன் இருக்குது" என்றார் அந்தத் தங்கை.

அதைக் கேட்டபின் தம்பி பெரியவரிடம் போய், அன்று பேசியது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தன் வயலுக்கு ஐந்திலைக் கரைசல் போட்டுத் தெளித்துவந்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த பெரியவர் இந்த வருடம், "நாலு சால்ல மட்டும் அடிச்சுப் பாக்கலாம், கொஞ்சம் கொடுங்க தம்பி" என்று கேட்டிருக்கிறார். கிணற்று முறையும் இப்போது சண்டையில்லாமல் மாறிக்கொள்கிறது.

கிளம்பத் தயாராக இருக்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். முதல் வருடம் வாடகை வீடு, குத்தகை நிலம் போதும். தடத்தையும் தண்ணீர் முறையையும் தரகரிடம் கேட்காமல் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள். வீட்டில் இருப்பவருக்கும் ஊரில் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும், அதையும் சேர்த்து யோசியுங்கள். இயற்கை விவசாயத்தை வாயால் சொல்வதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் குடும்பம் இன்னும் நிலம் வாங்கவில்லை. இப்போது அவர்களுக்காக நிலம் பார்ப்பது ஆத்தாதான்.