தோட்டாக் கழுத்தில் ஒரு நீல வளையம்

ராணுவத் தோட்டாவை அருகில் வைத்துப் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம். பித்தளைக் கூடு முழுக்க மஞ்சளாக மின்னும். குண்டைக் கவ்வியிருக்கும் கழுத்தும், அதற்குக் கீழே தோள் சரியும் இடமும் மட்டும் நீலமும் ஊதாவும் பழுப்புமாக மங்கிக் கிடக்கும். கறை போலிருக்கிறது, பழைய சரக்கு போலிருக்கிறது என்று தோன்றும். அது நெருப்பு காட்டி வைத்த அடையாளம். அதற்குப் பின்னால் நம் நாட்டு மழைக்காலம் ஒன்றும், குதிரை லாயங்களும் இருக்கின்றன.

பித்தளைக் கூடு வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்குவோம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் குண்டாற்றங்கரையில் சேதுபதி மன்னர்களின் கற்கோட்டை இடிந்து நிற்கிறது. 1799-ல் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி வட்டாரம் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு எதிராக எழுந்தபோது, இரு தரப்புத் துப்பாக்கிகளிலும் பித்தளைக் கூடு என்ற பேச்சே இல்லை. குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கிட்டித்துச் சுட வேண்டும். கும்பெனிச் சிப்பாய்களுக்கு அளந்த மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்திருந்தார்கள். பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டுவார்கள். அந்தக் காகிதச் சுருள்தான் அன்றைய தோட்டா. நனைந்தால் தீர்ந்தது.

அடுத்து வந்த என்ஃபீல்டு ரைபிளின் குழலுக்குள் சுழன்று ஓடும் வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றில் சிக்காமல் வழுக்கி இறங்க, காகிதத்துக்கு மசகு தடவ வேண்டியிருந்தது. என்ன கொழுப்பு அது? பசுவுடையதா, பன்றியுடையதா? 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பிய அந்தக் கேள்வி, அந்த ஆண்டு முடிவதற்குள் வட இந்தியாவையே பற்றவைத்தது. அந்தக் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனாலும், ஒரு தோட்டாவுக்கு எதைத் தடவுவது என்பது இவ்வளவு பெரிய கேள்வியானது வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1860-களில் பித்தளை வந்தது. முதலில் மெல்லிய தகட்டைச் சுருட்டிச் செய்தார்கள். மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கு வந்த அந்தச் சுருள் கூடு சூடான குழலில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் அடிப்பகுதி மட்டும் பிய்ந்து வந்தது, உடல் உள்ளேயே தங்கிவிட்டது. 1885-ல் சூடான் மணலில் பிரிட்டிஷ் படை இதனால் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒரே உலோகத் துண்டை இழுத்து நீட்டிச் செய்யும் கூடு நிலைபெற்றது. இன்றும் அதுதான்.

செய்முறையை நம் ஊர்க் கன்னார் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளைத் தகட்டில் வட்ட வில்லை வெட்டுகிறார்கள். அதை அழுத்தி ஒரு கிண்ணமாக்குகிறார்கள். பிறகு கிண்ணத்தை ஒன்றைவிட ஒன்று குறுகலான அச்சுகளின் வழியே தள்ளத் தள்ள, சுவர் மெலிந்து நீளமாகிறது. ஒவ்வொரு முறையும் சோப்புக் கரைசல் போன்ற மசகு வேண்டும். அது இல்லையென்றால் பித்தளை எஃகு அச்சைப் பற்றிக்கொண்டு கீறும், கிழியும். மசகு போட்டாலும் இரண்டு மூன்று இழுப்புக்கு மேல் உலோகம் தாங்காது. குடம் அடிக்கிறவரும் இதைத்தான் சொல்வார்: அடிக்க அடிக்க விறைத்துக்கொள்ளும், அப்படியே மேலும் அடித்தால் வெடித்துவிடும், நெருப்பில் வாட்டி எடுத்தால் மறுபடி வளையும். உலோகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்த அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் தகடு வளைகிறது. வழுக்க வழுக்க உள்ளே சிக்கல் விழுகிறது, நூற்கண்டில் விழுவது மாதிரி. சூடு அந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. கமுதிப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி, ஊதுலையில் கிடந்து செய்வது இந்த வேலையைத்தான்.

இவ்வளவு பதம் பார்ப்பதற்குக் காரணம், சுடும்போது கூட்டுக்கு இருக்கும் வேலை. மருந்து எரிந்ததும் உள்ளே அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 3,000 மடங்கைத் தாண்டுகிறது. அந்தக் கணம் கழுத்து உப்பிக் குழலோடு ஒட்டி, புகை பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அடுத்த கணமே கூடு சற்றுச் சுருங்கிப் பிடி விட வேண்டும். வெறும் செம்பாக இருந்தால் உப்பியது உப்பியபடி நிற்கும். ஆகவே கழுத்து மென்மையாகவும், அடிப்பாகம் விறைப்பாகவும், நடு உடல் இரண்டுக்கும் இடைப்பட்டும் இருக்கும்படி செய்கிறார்கள். விரல் நீளமுள்ள ஒரே துண்டில் இத்தனை பதங்கள்! இந்தப் பொருளில் என்னை ஈர்ப்பது இதுதான்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் இலக்குச் சுடும் போட்டிக்காரர்கள் சுட்ட கூட்டையே வீட்டில் திரும்பவும் நிரப்பிக்கொள்கிறார்கள். உப்பிய கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்க, அதை மறுபடி ஓர் அச்சுக்குள் அழுத்த வேண்டும். இங்கும் மசகுதான் முதல் கவலை. பலர் தடவுவது செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கொழுப்பு. (நம் ராமநாதபுரம் வெள்ளை ஆடுகளைக் கிடை போட்டால் வயலுக்கு உரம் கிடைக்கும், இந்தக் கொழுப்பு கிடைக்காது. ரோமக்கட்டு இல்லாத இனம்.) மசகு குறைந்தால் கூடு அச்சுக்குள் இறுகி, அடிவிளிம்பு பிய்ந்தாலும் வெளியே வராது. கூடினால் எண்ணெய்க்குப் போக இடமின்றித் தோளில் பள்ளம் விழும், ஏனென்றால் எண்ணெய் நசுங்காது. வேலை முடிந்ததும் துடைத்துவிடவும் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கூடு குழலைப் பற்றாமல் வழுக்கினால் வெடிப்பின் உதை துப்பாக்கியின் பூட்டின் மேல் விழும். ஒவ்வொரு சுற்றிலும் கூடு நீள்கிறது, கழுத்து விறைக்கிறது. வாட்டாமல் விட்டால் ஒருநாள் கழுத்து பிளக்கும். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால் தோட்டாத் தயாரிப்பு இங்கே பெரும்பாலும் மகாராஷ்டிரத்தில் 1869-ல் தொடங்கிய கிர்க்கி, 1964-ல் தொடங்கிய வரண்காவ் போன்ற அரசுத் தொழிற்சாலைகளுக்குள் நடக்கிறது.

இனி அந்த நீல வளையம். பிரிட்டிஷ் காலத்தில் மழைக்காலம் வந்தால் படைகளின் நடமாட்டம் குறையும். தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டுப் பெட்டியைத் திறந்தால், யாரும் தொடாத தோட்டாக்களின் கழுத்தில் வெடிப்பு விழுந்திருந்தது, அதிலும் குண்டைக் கவ்வ இறுக்கிய இடத்தில். நெடுநாள் புரியாத இந்தப் புதிரை 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விளக்கினார்கள். தொழுவத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் காரமான நெடி இருக்கிறதே, அது மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா. ஈரக்காற்றில் அது பித்தளையிலுள்ள செம்பைக் கரைக்கும். ஆனால் கரைப்பு மட்டும் இப்படி வெடிக்க வைக்காது. அச்சில் இழுத்து இறுக்கியபோது உள்ளே தங்கிவிட்ட விசை, அம்மோனியா அரித்த இடத்தைப் பிடித்து இழுத்துப் பிளந்துவிடுகிறது. ஈரமும் நெடியும் உள்விசையும் சேர்ந்த இடத்தில்தான் வெடிப்பு.

தீர்வு எளிது: கடைசி இழுப்புக்குப் பிறகு கழுத்தை நெருப்பில் காட்டி உள்விசையைத் தளர்த்திவிடுவது. அந்தச் சூட்டில் மேற்பரப்பில் படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் நீலமாகவும் ஊதாவாகவும் தெரிகிறது. கடைகளுக்குப் போகும் தோட்டாக்களில் அழகுக்காகத் துலக்கிவிடுகிறார்கள். பல நாட்டு ராணுவங்கள் துலக்காமலே வாங்குகின்றன. பெட்டியைத் திறப்பவர் கழுத்தைப் பார்த்ததுமே, இது நெருப்பு கண்ட கூடு என்று தெரிந்துகொள்வார்.